பேட்ச் முறையிலிருந்து தொடர் உற்பத்திக்கு: உயிரிமருந்து ஆலைக்காரர்களின் கேள்விகள்

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தொடங்கி ஆந்திர எல்லை தாண்டித் தடா, சூளூர்பேட்டை, நாயுடுப்பேட்டை வரை மருந்து, ரசாயன ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்காக எழுதியது. எல்லாக் கணக்குக்கும் ஒரே உதாரணம்தான்: பாலூட்டிச் செல்களில் தயாராகும் ஓர் ஆன்டிபாடி மருந்து, 500 லிட்டர் பயோரியாக்டர். உங்கள் எண்களைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

ஃபெட்-பேட்ச் முறையில் செல்களை ரியாக்டரில் விட்டு, சத்துக் கரைசலை அவ்வப்போது ஊட்டி, 12 முதல் 14 நாள் வளர்த்து, கடைசியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்குகிறோம். பெர்ஃப்யூஷன் முறையில் புது மீடியா, அதாவது செல் வளரும் சத்துத் திரவம், உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மருந்து கலந்த பழைய திரவம் ஃபில்டர் வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். செல்கள் மட்டும் உள்ளே தங்கும். வெளியே வருவதை அப்படியே சுத்திகரிப்புக்கு விட்டால் அது முழுத் தொடர் உற்பத்தி. ஒரு பையில் சேர்த்து வைத்துப் பழைய முறையில் சுத்திகரித்தால் பாதித் தொடர். இன்று நடப்பில் இருப்பதில் பெரும்பகுதி இந்தப் பாதித் தொடர்தான். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இது புதுச் சரக்கா?

இல்லை. 1993-இல் அமெரிக்க அனுமதி பெற்ற கோஜனேட் என்ற ரத்த உறைவு மருந்தும், 1998-இல் வந்த ரெமிகேட் என்ற ஆன்டிபாடி மருந்தும் பெர்ஃப்யூஷனில் தயாரானவை. உறைவு மருந்து சூடான ரியாக்டரில் இரண்டு வாரம் கிடந்தால் சிதைந்துவிடும். அதனால் உடனுக்குடன் வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம். புதிதாக வந்திருப்பது, அந்த முறையை நிலையான ஆன்டிபாடிகளுக்கும் பரவலாகக் கொண்டுபோவதும், பின்னால் உள்ள சுத்திகரிப்பையும் சங்கிலியாகக் கோப்பதும். மாத்திரைப் பக்கம் 2016 ஏப்ரலில் பிரெசிஸ்டா என்ற எச்ஐவி மாத்திரையைப் பேட்ச் முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்ற அமெரிக்க மருந்து ஒழுங்கு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்துக்கு அப்படி முறை மாற்றியதில் அதுதான் முதல்.

500 லிட்டர் ரியாக்டர் 2,000 லிட்டர் வேலையைச் செய்யும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், மீடியா செலவையும் சேர்த்துப் பார்த்தால்.

2,000 லிட்டர் ஃபெட்-பேட்ச், லிட்டருக்கு 5 கிராம் என்றால் ஒரு ஓட்டத்தில் 10 கிலோ. 500 லிட்டர் பெர்ஃப்யூஷனில் நாளுக்கு ஒரு ரியாக்டர் அளவு, அதாவது 500 லிட்டர், மீடியா ஓடுகிறது. வெளியே வருவதில் லிட்டருக்கு 1 கிராம் மருந்து என்றால் நாளுக்கு அரை கிலோ. 25 நாள் அறுவடையில் 12.5 கிலோ. இதுவரை சரி.

இப்போது மீடியாவைப் பாருங்கள். ஃபெட்-பேட்சில் ஒரு கிராம் மருந்துக்குச் சுமார் 0.2 லிட்டர். பெர்ஃப்யூஷனில் 1 லிட்டர். ஐந்து மடங்கு. விற்பனைக்காரர் காட்டும் ஸ்லைடில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஸ்கிட் (ஒரே சட்டத்தில் பூட்டிய கருவித் தொகுதி) வாங்கும் முன் பார்க்க வேண்டியது, ஒரு செல்லுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மீடியா வேண்டும் என்பதை. ஒரு மில்லியில் 5 கோடி செல், செல் ஒன்றுக்கு நாளுக்கு 20 பிக்கோலிட்டர் என்றால் சரியாக நாளுக்கு ஒரு ரியாக்டர் அளவு வரும். உங்கள் செல்லுக்கு 40 பிக்கோலிட்டர் தேவைப்பட்டால் மீடியா நாளுக்கு 1,000 லிட்டர். மருந்தும் பாதி அடர்த்தியில்தான் வெளியே வரும். அந்த நிலையில் மாறாதீர்கள். முதலில் மீடியாவைச் செறிவாக்கும் வேலையைப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நல்ல வரிசை இது. முதலில், முதன்மை ரியாக்டருக்கு முந்தைய விதை ரியாக்டரை மட்டும் பெர்ஃப்யூஷனாக்குங்கள். வழக்கமாக மில்லிக்கு 3 முதல் 5 லட்சம் செல்லில் தொடங்கும் ஃபெட்-பேட்சை 50 லட்சம் அல்லது 1 கோடியில் தொடங்கலாம். வளர்ச்சி நாட்கள் சில கழிந்துவிடும், பின்பக்கச் சுத்திகரிப்பில் ஒரு திருகும் மாற வேண்டாம். அடுத்து, ரெசின் மணிகள் நிரப்பிய தூணில் ஆன்டிபாடியைப் பிடித்துப் பிரிக்கும் புரோட்டீன்-ஏ கட்டத்தைப் பல தூண் முறைக்கு மாற்றுங்கள். மூன்றாவதாக முதன்மை ரியாக்டர். இணைப்பது கடைசியில்தான். வைரஸ் ஃபில்டரையும் கடைசிச் செறிவூட்டலையும் பேட்சாகவே விட்டுவிட்டாலும் லாபத்தில் பெரும்பங்கு கைக்கு வந்திருக்கும்.

அதற்கும் முன்னால் இலவசமாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடந்த ஒரு வருட லாக்-புக்கை எடுத்து, எந்த ஸ்கிட் எத்தனை முறை, எவ்வளவு நேரம் நின்றது என்று எண்ணுங்கள். பேட்ச் முறையில் நாலு மணி நேர நிறுத்தம் ஒரு டீவியேஷனோடு (விலகல் பதிவு) முடிந்துபோகும். தொடர் முறையில் அது முன்னும் பின்னும் உள்ள எல்லாக் கட்டத்தையும் இழுக்கும். வாரத்துக்கு இரண்டு முறை நிற்கும் ஆலை, தொடர் முறைக்கு மாறினாலும் வாரத்துக்கு இரண்டு முறை நிற்கும்.

ஹாலோ ஃபைபர் ஃபில்டர் பத்தாம் நாளே அடைத்துக்கொள்கிறது. ஏன்?

செல்லை உள்ளே நிறுத்தித் திரவத்தை மட்டும் வெளியே விடும் நுண்துளைக் குழல்களின் கட்டுதான் இந்த ஃபில்டர். பெர்ஃப்யூஷனில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று.

ஃபில்டர் பரப்பு போதாமை. 500 லிட்டர் நாளுக்கு என்றால் மணிக்கு 20.8 லிட்டர். சதுர மீட்டருக்கு மணிக்கு 2 லிட்டர் என்று ஓட்டினால் 10 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று பாதிப் பரப்பில் ஓட்டினால் சதுர மீட்டருக்கான ஓட்டம் இரட்டிப்பாகி, அடைப்பு சீக்கிரம் வரும்.

செத்த செல். செத்த செல்லிலிருந்து கசியும் டிஎன்ஏவும் புரதமும்தான் ஃபைபர் துளைகளை மெழுகுவது. உயிர்ப்பு விகிதம் 90 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். அதற்குத்தான் ப்ளீட்: நாளுக்கு ரியாக்டர் அளவில் 5 முதல் 10 சதவீதம் செல்லோடு சேர்த்து வெளியேற்றுவது. மருந்து வீணாகிறதே என்று ப்ளீட்டைக் குறைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதன் விலையை ஃபில்டர் கட்டும்.

நுரையடக்கி. அடர்த்தியான கல்ச்சருக்கு ஆக்சிஜன் அதிகம் ஊத வேண்டும், நுரை எழும், சிலிகான் நுரையடக்கியை ஊற்றுவார்கள், அது ஃபைபரில் ஒட்டும். ஒரே நேரத்தில் கொட்டாமல் சொட்டுச் சொட்டாகவும், நுரை சென்சார் சொல்லும்போது மட்டும் விடவும்.

நாலாவது, கல்ச்சரை ஃபைபருக்குள் முன்னும் பின்னும் தள்ளும் ஏடிஎஃப் பம்பின் டயாஃப்ரம். அது ஒவ்வொரு சுற்றிலும் முழுவதும் மேலே போய், முழுவதும் கீழே வர வேண்டும். பாதியில் திரும்பினால் ஃபைபரின் ஒரு முனை கழுவப்படாமலே கிடக்கும். ஸ்கிட் திரையில் அழுத்த வரைபடத்தை ஷிப்ட்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். சுற்றின் முடிவில் அழுத்தம் திடீரென ஏறுவது தெரிய வேண்டும். அந்த ஏற்றம் மழுங்கினால் டயாஃப்ரம் முழுத்தூரம் போகவில்லை என்று பொருள்.

அடைப்பைக் கண்டுபிடிக்க அழுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். தினமும் ரியாக்டருக்குள் எடுத்த மாதிரியையும் ஃபில்டருக்கு வெளியே எடுத்த மாதிரியையும் அளந்து ஒப்பிடுங்கள். செல் நன்றாக இருக்கிறது, அழுத்தமும் ஏறவில்லை, ஆனால் வெளியே வரும் மருந்து மட்டும் குறைகிறது என்றால் ஃபில்டர் மருந்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. இரண்டாவது ஃபில்டரை முதல் நாளே பூட்டி, ஸ்டெரைலாக வைத்திருங்கள். பதினைந்தாம் நாள் நள்ளிரவில் புது ஃபில்டரை வெல்டு செய்து சேர்ப்பது கிருமி உள்ளே வரத் திறந்துவிடும் கதவு.

கரண்ட் போனால்?

எல்லைப் பகுதியில் இது தத்துவக் கேள்வி இல்லை. மில்லிக்கு 5 கோடி செல் உள்ள கல்ச்சர் மணிக்கு, லிட்டருக்குச் சுமார் 15 மில்லிமோல் ஆக்சிஜனை உண்ணும். காற்று நிறைவில் 40 சதவீத அளவில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு வெறும் 0.08 மில்லிமோல். வகுத்தால் 19 விநாடி. டீசல் ஜெனரேட்டர் பிடித்து லோடு ஏற்பதற்குள் ரியாக்டரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். செல் உடனே செத்துவிடாது. லாக்டேட் ஏறும், நிமிடக்கணக்கில் நீண்டால் உயிர்ப்பு இறங்கும்.

ஆகவே கன்ட்ரோலர், கிளறி மோட்டார், வாயு ஓட்டக் கருவிகள், பெரிஸ்டால்டிக் பம்புகள் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பலர் மறப்பது ஏர் கம்ப்ரசர். ஏடிஎஃப் அழுத்தக் காற்றிலும் வெற்றிடத்திலும் ஓடுவது. கம்ப்ரசரை யுபிஎஸ்ஸில் போடக் கட்டாது. சில நிமிடத்துக்குத் தாங்கும் காற்றுச் சேமிப்பு டாங்க் அந்த லைனுக்குத் தனியாக வைக்கவும். ரியாக்டர் கிளறிக்கொண்டிருந்தாலும் ஏடிஎஃப் நின்றால் ஃபைபருக்குள் சிக்கிய செல்கள் மூச்சுத் திணறும்.

ரியாக்டர் மட்டம் மெல்ல இறங்குகிறது; பம்ப் செட்டிங் சரியாகத்தான் இருக்கிறது.

பம்பில் 1 சதவீதப் பிழை என்றால் நாளுக்கு 5 லிட்டர், பத்து நாளில் 50 லிட்டர். பேட்ச் முறையில் கண்ணுக்கே தெரியாத பிழை இங்கே பத்தில் ஒரு பங்கு கல்ச்சரைத் தின்னும். பெரிஸ்டால்டிக் பம்பின் உருளை ஒரே இடத்தில் மிதித்து மிதித்து டியூப் தட்டையாகும். அதே வேகத்தில் குறைவாகத் தள்ளும். கூடுதல் நீளம் விட்டுப் பூட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டியூபை நகர்த்துங்கள். மட்டத்தை எடைக்கருவியோடு கட்டுப்படுத்துங்கள், பம்ப் வேகத்தோடு அல்ல. அந்த எடைக்கருவியையும் ஏமாற்றலாம்: ரியாக்டரில் பூட்டிய ஒரு தடித்த டியூப் பக்கத்து டிராலியில் சாய்ந்தால் சில கிலோ ஏறியோ இறங்கியோ காட்டும். துப்புரவு முடிந்த கையோடு மட்டம் குதித்தால் முதலில் டியூபைப் பாருங்கள்.

புரோட்டீன்-ஏ ரெசின் செலவு உண்மையிலேயே குறையுமா?

இங்கேதான் அதிகம் குறையும். ஒரே தூணில் ஏற்றும்போது மருந்து ஒழுகிவிடாமல் இருக்க, ரெசினின் முழுக் கொள்ளளவுக்கு வெகு முன்பே, லிட்டருக்கு 35 கிராம் அளவில், நிறுத்துகிறோம். 10 கிலோவை ஐந்து சுற்றில் முடிக்க 57 லிட்டர் ரெசின் வேண்டும். பல தூண் முறையில் முதல் தூணிலிருந்து ஒழுகுவதை இரண்டாவது தூண் பிடித்துக்கொள்வதால் 50 கிராம் வரை துணிந்து ஏற்றலாம். நாளுக்கு 500 கிராம் என்றால், 1 லிட்டர் தூண்கள் மூன்று, நாளுக்கு 10 ஏற்றம், ஒவ்வொன்றும் 2.4 மணி நேரம். மொத்தம் 3 லிட்டர் ரெசின்.

25 நாளில் ஒவ்வொரு தூணும் சுமார் 83 சுற்று ஓடும். நூறு சுற்றுக்கு வேலிடேஷன் செய்த ரெசின் என்றால் ஒரே ஓட்டத்தில் முழுப் பயனும் எடுத்தாயிற்று. மருத்துவச் சோதனைக்குச் சிறிய அளவில் செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அவர்கள்தான் பத்துச் சுற்றுக்குப் பிறகு 57 லிட்டர் ரெசினைத் தூக்கிப் போடுகிறவர்கள்.

சிக்கல் எங்கே? கழுவல், இறக்கல், காரச் சுத்திகரிப்பு, மறுபடி சமன்படுத்தல் எல்லாம் அந்த 2.4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உள்ளே வரும் மருந்தின் அடர்த்தி நாளுக்கு நாள் மாறும். நிலையான நேரத்தில் தூண் மாற்றினால் ஒரு நாள் ரெசின் வீண், இன்னொரு நாள் மருந்து வீண். யூவி சென்சார் வைத்து மாற்றுபவர்கள், சென்சார் ஜன்னல் அழுக்கேறினால் அளவு நகரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இடையில் வைக்கும் சர்ஜ் டேங்க் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

பாதி உண்மை. இரண்டு கட்டத்துக்கு இடையே திரவத்தைத் தாங்கி வைக்கும் பைதான் சர்ஜ் டேங்க். பின்பக்கம் 4 மணி நேரம் நின்றால் 83 லிட்டர் சேரும். ஆகவே 100 லிட்டர் பை தேவை. ஆனால் பையை எப்போதும் நிரம்ப வைத்திருந்தால், கெட்ட திரவம் கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் அது 95 சதவீதம் கழுவப்பட, சராசரித் தங்கல் நேரத்தின் மூன்று மடங்கு ஆகும். 100 லிட்டருக்கு 4.8 மணி, மூன்று மடங்கு 14 மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரமும் வெளியே வருவதைத் திசைதிருப்பிக் கழிவில் விட வேண்டும். அதே 100 லிட்டர் பையை 20 லிட்டர் மட்டத்தில் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் முடியும், நின்றால் இன்னும் 80 லிட்டருக்கு இடமும் இருக்கும். பெரிய பை, தாழ்ந்த மட்டம். இந்தத் தங்கல் நேரத்தைக் காகிதத்தில் கணக்கிட்டு விடாமல், உப்புக் கரைசலை ஒரு துளி செலுத்திக் கடத்துதிறன் சென்சாரில் உண்மையாக அளந்து பதிவு செய்யுங்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

வைரஸ் கட்டங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

அமில நிலையில் வைக்கும் கட்டத்துக்கு இரண்டு பாத்திரம் மாறி மாறி ஓட்டுவதே எளிது: ஒன்று நிரம்பும்போது மற்றது பிஎச் 3.5 அளவில் 60 நிமிடம் நிற்கும். அமிலம் சேர்த்த பாத்திரத்திலேயே வைக்காதீர்கள். மேல் சுவரில் தெறித்து ஒட்டிய ஒரு துளி அமிலமே படாமல் இருந்து, பிறகு வழிந்து கலந்துவிடும். பிஎச் சரிசெய்தபின் புதுப் பாத்திரத்துக்கு மாற்றி, அங்கே நேரத்தை எண்ணுங்கள். பிஎச் சென்சார் வாரக்கணக்கில் உள்ளேயே கிடப்பதால் நகரும். தினமும் வெளி மீட்டரில் ஒப்பிடவும்.

20 நானோமீட்டர் வைரஸ் ஃபில்டரில் ஓட்டத்தை நிறுத்தித் தொடங்குவதுதான் ஆபத்து. நின்ற நேரத்தில், ஃபில்டருக்குள் பிடிபட்ட சிறு வைரஸ்கள் விலகி, மீண்டும் ஓடும்போது தாண்டிப் போகலாம். இந்தக் கட்டத்தைப் பேட்சாக விடுவது நல்லது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

30 நாள் ஓடினால் பேட்ச் எண் எப்படிப் போடுவது?

பேட்ச் என்ற கருத்து ஒழிந்துபோகவில்லை. மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஎச் அமைப்பின், 2022 நவம்பரில் முடிவான க்யூ13 வழிகாட்டி, வெளிவந்த அளவைக் கொண்டோ, உள்ளே போன மூலப்பொருள் அளவைக் கொண்டோ, நிலையான ஓட்டத்தில் ஓடிய நேரத்தைக் கொண்டோ பேட்சை வரையறுக்க அனுமதிக்கிறது. ஓட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். நடுவில் வசதிக்கு மாற்றக் கூடாது. ஐந்து நாள் அறுவடைக்கு ஒரு பேட்ச் என்று பிரிப்பது கைக்கு அடக்கம். பதினெட்டாம் நாள் கிருமி வந்தால் ஓட்டத்தை முடித்துவிட வேண்டியதுதான்; ஆனால் முந்தைய பேட்ச்கள் தனித்தனியே மாதிரி எடுக்கப்பட்டு, தனிப் பையில் இருந்தால் மட்டுமே அவற்றைப் பற்றி விசாரிக்கவாவது வழி இருக்கும்.

உரிமம் புதிதாக வாங்க வேண்டுமா?

உயிரிமருந்துக்கு உற்பத்தி முறையை இப்படி மாற்றுவது பெரிய மாற்றம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவின் முன்னனுமதி இல்லாமல் விற்பனைக்கு விட முடியாது. ஐசிஎச் க்யூ5இ சொல்கிறபடி பழைய முறை மருந்தும் புதிய முறை மருந்தும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று காட்ட வேண்டும். சர்க்கரை இணைப்பு, மின்னேற்ற வகைகள், திரட்டு ஆகிய மூன்றும் முதலில் நகரும். ரியாக்டரில் மருந்து குறைந்த நேரமே தங்குவதால் பெரும்பாலும் தரம் கூடும், ஆனால் பயோசிமிலர் (ஏற்கெனவே உள்ள உயிரிமருந்தை ஒத்த மருந்து) செய்பவருக்குத் தரம் கூடினாலும் சிக்கல்தான்: மூல மருந்தோடு பொருந்த வேண்டுமே. செல்லின் வயதும் கூடுகிறது. 30 நாள் முடிவில் உள்ள செல்லைக் கொண்டு மரபு நிலைத்தன்மைச் சோதனை செய்ய வேண்டும், 14 நாள் தரவு போதாது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் மாநில மருந்து அதிகாரி ஆந்திர அரசுக்காரர் என்பதும் நினைவிருக்கட்டும். தமிழ்நாட்டு ஆலையிலிருந்து அங்கே மாற்றினால் அது இடமாற்றமும் சேர்ந்தது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் குழப்பாதீர்கள்.

ஆள், பண்டிகை, புயல்?

நாலு குழு இல்லாமல் 24 மணி நேர ஓட்டத்தைத் தொடங்காதீர்கள். 30 நாள் என்றால் ஏதாவது ஒரு பண்டிகை குறுக்கே வரும். நம் பக்கம் பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள்; தமிழரும் தெலுங்கரும் ஒன்றாக லீவு கேட்பார்கள். ஃபில்டர் அடைக்கக்கூடிய 15-ஆம் நாளுக்குப் பிந்தைய காலம் ஜனவரி நடுவில் விழாதபடி திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அந்த மாதங்களில் மீடியா பொடி, ஆக்சிஜன், உதிரி ஃபில்டர், டீசல் ஆகியவை ஒரு வாரத்துக்குக் கையிருப்பு இல்லாமல் தொடங்க வேண்டாம். ஷிப்ட் மாற்றும்போது தமிழ், தெலுங்கு என இரண்டு மொழியில் வாயால் சொல்வது போதாது. ப்ளீட் அளவு, டியூப் நகர்த்திய நேரம், பையின் மட்டம் மூன்றையும் எண்ணாக எழுதிக் கையெழுத்து வாங்கவும்.

ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யும் மருந்துக்கும் இது பொருந்துமா?

அரிது. ஈ.கோலை மருந்தை வெளியே சுரக்காமல் செல்லுக்குள் கட்டியாக வைத்திருந்தால், செல்லை உடைத்தே எடுக்க வேண்டும்; பெர்ஃப்யூஷனுக்கு அர்த்தமே இல்லை. சுத்திகரிப்பில் பல தூண் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ரசாயன மருந்து ஆலையில் இருக்கிறேன். இந்த வேலைக்கு மாற என்ன கற்க வேண்டும்?

ஓட்டக் கணக்கு, பிஐடி கட்டுப்பாடு, சென்சார் காலிபிரேஷன் தெரிந்தவர் ஏற்கெனவே பாதித் தூரம் வந்தவர். கற்க வேண்டியது அசெப்டிக் கைப்பழக்கம்: டியூப் வெல்டிங், ஸ்டெரைல் கனெக்டர், மாதிரி எடுத்தல். கூடவே செல் எண்ணும் கருவி. முதல் வாரம் வெறும் தண்ணீர் நிரப்பிய ரியாக்டரில் ஓட்டிப் பழகுங்கள். மூன்று நாள் மட்டம் நகராமல் தண்ணீரை ஓட்ட முடிந்தபிறகு செல்லைத் தொடலாம்.